பேலன்ஸ் எவ்வளவு காட்டணும்?

சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "அக்கவுன்ட்ல எவ்வளவு காட்டணும்?" நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் விசா ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டதால், இந்தக் கேள்வியை ஓயாமல் காதில் வாங்குகிறேன். ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிம்மதி. அதைச் சொல்லாமல், "உங்க சம்பளம் என்ன, எத்தனை நாள் போறீங்க, யார் வீட்டில் தங்குறீங்க" என்று திருப்பிக் கேட்டால், தெரிந்த பதிலை ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்ட் ஒரு தொகை சொல்கிறார், போய் வந்த நண்பர் ஒரு தொகை சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இன்னொன்று சொல்கிறார். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப்போகாது. ஆனாலும் எங்கோ சரியான தொகை ஒன்று இருக்கிறது, அது தெரிந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை மட்டும் எல்லோருக்கும் பொது.

கணக்கில் தாராளமாகப் பணம் இருந்தும் விசா மறுக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் நிம்மதியாகப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் ராசி என்று விட்டுவிடலாம்தான். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. ஒவ்வொரு நாட்டு விதியையும் எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

தொகையை எழுதி வைத்திருக்கும் நாடுகள்

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். அந்த நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2009-இல் வந்த விசா விதித்தொகுப்பின் 21-ஆம் பிரிவு, தங்குகிற நாட்களுக்கும் திரும்பி வருவதற்கும் பயணியிடம் போதிய வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. சிக்கனமான விடுதியில் தங்கிச் சாப்பிட ஆகும் சராசரிச் செலவை நாட்களால் பெருக்குவதுதான் அடிப்படை. சொகுசு ஹோட்டல் கணக்கை யாரும் கேட்கவில்லை. நாளுக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்கிறது. அங்கேதான் வேடிக்கை.

ஒரு ஆள், பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி நாளுக்கு 45 யூரோ என்று பார்க்கிறது, ஆக 450. நெதர்லாந்தில் நாளுக்கு 55, ஆக 550. போர்ச்சுகலில் நுழைவுக்கு 75, அப்புறம் நாளுக்கு 40, மொத்தம் 475. இத்தாலி நாட்களையும் ஆட்களையும் வைத்து ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு ஆறிலிருந்து பத்து நாள் வரை நாளுக்கு 44.93, ஆக 449.30. ஸ்பெயின் இதைத் தன் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. மாதச் சம்பளத்தில் பத்து சதவீதம் ஒரு நாளுக்கு. இரண்டே நாள் போனாலும் மொத்தம் அந்தச் சம்பளத்தின் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2025-இல் அந்தச் சம்பளம் 1,184 யூரோ என்பதால் பத்து நாள் கணக்கும் அதே 1,184.

பிரான்ஸ் கணக்கைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். ஹோட்டல் புக் செய்து காட்டினால் நாளுக்கு 65 யூரோ. தங்குமிடம் எதுவும் காட்டாவிட்டால் 120. அங்கே இருக்கிற உறவினரோ நண்பரோ, "என் வீட்டில்தான் தங்குவார்" என்று தன் ஊர் மேயர் அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்பியிருந்தால் 32.50. ஆளும் மாறவில்லை, நாட்களும் மாறவில்லை; பத்து நாளுக்கு 325-ம் ஆகலாம், 1,200-ம் ஆகலாம். விடை, பையில் இருக்கிற பணத்தைவிட இரவு எங்கே படுக்கப் போகிறார் என்பதில் இருக்கிறது. நியூசிலாந்தும் இதே வழிதான்: மாதத்துக்கு 1,000 நியூசிலாந்து டாலர், தங்கும் செலவை முன்கூட்டியே கட்டிவிட்டால் 400 போதும்.

ஒரே நாட்டுக்குள்ளேயே விசாவின் வகையைப் பொறுத்தும் தொகை தலைகீழாக மாறும். தாய்லாந்தில் போய் இறங்கி விசா வாங்குகிறவர் ஒருவருக்கு 10,000 பாட், குடும்பத்துக்கு 20,000 பாட் என்று விதி. அதே தாய்லாந்து 2024-இல் கொண்டுவந்த ஐந்து வருட விசாவில், ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரை இருக்கலாம். அதற்கு 5,00,000 பாட் காட்டச் சொல்கிறார்கள். முதலாவது கடற்கரையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கானது. இரண்டாவது, லேப்டாப்பில் வேலை செய்துகொண்டே மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறவர்களையும் மனதில் வைத்து உண்டானது. "தாய்லாந்துக்கு எவ்வளவு காட்டணும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது.

எழுதி வைக்காத நாடுகள்

பிரிட்டனின் பார்வையாளர் விதிகளில் தொகையே இல்லை. போக வர ஆகும் செலவு, அங்கே செய்யப் போகிறவற்றுக்கான செலவு, தன்னை நம்பி இருப்பவர்களுக்கான செலவு ஆகியவற்றை, அங்கே வேலை பார்க்காமலும் அரசு உதவியை நாடாமலும் சமாளிக்கப் போதிய பணம் வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ளலாம். அவருக்கும் பயணிக்கும் உண்மையான உறவோ தொழில் தொடர்போ இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் வழக்கமான பார்வையாளர் விசாவுக்குத் தொகை சொல்வதில்லை.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடியேற்றச் சட்டத்தின் 214 (பி) பிரிவின்படி, வருகிறவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே பேச்சு தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. ஸ்டேட்மென்ட்டைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறவர்களிடம் அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு தாளைக்கூட வாங்கிப் பார்க்காமல் முடிவு சொல்வதுண்டு. அங்கே இருக்கிற பிள்ளை அனுப்பும் ஸ்பான்சர் கடிதத்துக்கும் பெரிய மதிப்பில்லை. விண்ணப்பிப்பவருக்குத் தன் நாட்டில் இருக்கிற பிடிப்பைத்தான் பார்ப்போம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் படித்துவிட்டு, தொகையை எழுதி வைத்திருக்கும் நாடுகள்தான் நேர்மையானவை என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஏழை பணக்காரன் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே. அந்த முடிவு சரியாகப் படியவில்லை. தொகை எழுதி வைத்திருக்கிற நாட்டிலும், அதைப் போல மூன்று மடங்கு வைத்திருந்தவர் மறுக்கப்படுகிறாரே, ஏன்?

சித்தியின் ஸ்டேட்மென்ட்

என் சித்தி, வெளிநாட்டில் இருக்கிற மகளைப் பார்க்க விண்ணப்பித்திருந்தார். பென்ஷன் வாங்குகிறவர். மகளுக்குப் பிரசவம் ஆகி, பேரனின் முகத்தை போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நேரம். எந்த நாடு என்பது இங்கே தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏம்ப்பா, பணம் இல்லன்னா சொல்லியிருக்காங்க? அவ்வளவு இருந்துச்சே!"

நிஜமாகவே இருந்தது. விண்ணப்பத்தோடு கொடுத்த ஸ்டேட்மென்ட்டின் நகலை மேஜையில் விரித்து வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே போனேன். கடைசி பேலன்ஸ் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் மேலே, விண்ணப்பம் கொடுப்பதற்குச் சில நாள் முன்னால், ஒரே ஒரு வரவு. சித்தியின் ஒரு வருடப் பென்ஷனைவிடப் பெரியது. அதற்கு மேலே போகப் போக, மாதம் பிறந்ததும் பென்ஷன் வரவு, இரண்டு நாள் கழித்து வீட்டுச் செலவுக்கு எடுத்தது, கரன்ட் பில், போன் ரீசார்ஜ், மாதக் கடைசியில் கொஞ்சம் மிச்சம். ஆறு மாதமும் இதே ஒழுங்கு. ஒரு ரிட்டையரான பெண்மணி யாரிடமும் கை நீட்டாமல் கண்ணியமாக வாழ்கிறார் என்பது அந்த வரிகளிலேயே தெரிந்தது. அந்த ஒற்றை வரவு மட்டும் சம்பந்தமே இல்லாமல் நின்றது.

"இது யார் போட்டது சித்தி?"

"மாப்பிள்ளையோட அண்ணன்தான். கணக்கு கொஞ்சம் வெயிட்டா தெரியணும்மா, விசா வந்ததும் திருப்பிக் குடுத்துடலாம்னு ஏஜென்ட் சொன்னாரு."

மறுப்புக் கடிதத்தை மறுபடி படித்தேன். பணம் போதாது என்று அதில் எங்கேயும் இல்லை. சமீபத்தில் வந்த பெரிய தொகைக்கு விளக்கம் இல்லை, அது விண்ணப்பதாரரின் வழக்கமான வருமானத்தோடு பொருந்தவில்லை, இந்தப் பணம் உண்மையிலேயே அவர் செலவழிப்பதற்கு உரியது என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை நான் தமிழில் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது என் பணம் இல்லதானே" என்றார்.

எனக்கு அங்கேதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. ஆறு மாத வரிகள் சித்தியின் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியாகச் சேர்த்த ஒரு வரி அத்தனையையும் கெடுத்தது. பணத்தைச் சேர்த்ததால் விண்ணப்பம் பலவீனமானது. ஏஜென்ட் சொன்ன யோசனையைச் சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். விசா கிடைக்காவிட்டால் கட்டணம் போவது அவர்கள் பையிலிருந்து அல்ல. ஒருவேளை அந்தத் தொகையைக் கடன் என்று அதிகாரி கண்டுபிடித்து, விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால், சில நாடுகளில் வருடக்கணக்கில் தடையே விழும். எழுபதை நெருங்குகிற ஒரு தாய்க்கு அப்படி ஒரு தடை என்ன செய்யும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

மறுபடி விண்ணப்பித்தபோது அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதை மறைக்கவும் இல்லை. போன முறை அது எப்படி வந்தது, இப்போது எங்கே போனது என்று கவர் லெட்டரில் எழுதினோம். கணக்கில் சித்தியின் சொந்தச் சேமிப்பு மட்டும். பழைய எஃப்.டி. ஒன்று இருந்தது, முதல் முறை அதை யாரும் கேட்கவும் இல்லை, சித்தி சொல்லவும் இல்லை. அதன் ரசீதை வைத்தோம். செலவு முழுக்கத் தன்னுடையது என்று மகள் எழுதிய கடிதம், அவளுடைய சம்பளச் சீட்டுகள், அவளுடைய ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், சித்தியின் மகள்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ். பேலன்ஸ் முதல் முறையைவிடப் பாதிக்கும் கீழே. விசா வந்தது. இதனால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், படித்தவர் வேறு அதிகாரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இந்த முறை ஃபைலில் இருந்த ஒவ்வொரு தாளும் ஒரே விஷயத்தைச் சொன்னது என்பது உறுதி.

எதைப் பார்க்கிறார்கள்

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் கடைசி பேலன்ஸைப் பார்ப்பதில்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ, அந்த நாடு கேட்கிற அளவுக்கு ஸ்டேட்மென்ட் எடுத்து வரச் சொல்கிறேன். சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையும் கணக்கில் ஏறும் தொகையும் ஒத்துப்போகிறதா? மாதச் செலவு போக மிஞ்சுவதை வைத்து இந்தப் பயணச் செலவைப் பார்த்தால் நம்பும்படி இருக்கிறதா? ஒரு வருடச் சேமிப்பை ஒரே வாரத்தில் கரைக்கிற பயணம் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். மகள் கல்யாணம், பட்டமளிப்பு விழா என்று காரணம் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். பெரிய வரவு நியாயமாகவே வந்திருக்கலாம். நிலம் விற்றது, போனஸ், எஃப்.டி. முடிந்து வந்தது. பத்திரத்தின் நகலோ வங்கிக் கடிதமோ ஒன்று பக்கத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை.

வங்கி முத்திரை வைத்த பேலன்ஸ் சர்டிஃபிகேட் மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் நிறைய. அந்தத் தாள் ஒரே ஒரு நாளின் இருப்பைச் சொல்கிறது, அவ்வளவுதான். சில நாடுகள் அதையும் கேட்கும், கேட்டால் கொடுக்கலாம். ஆனால் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை அது சொல்லாது. கிரெடிட் கார்டு லிமிட்டை சேமிப்பாகக் காட்டுவதும் பெரிதாக உதவாது. கூட்டுக் கணக்கு என்றால் இன்னொருவர் யார் என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. இவை சின்ன விஷயங்கள். எனக்கு அதிகம் உறுத்துவது வேறு.

ஸ்டேட்மென்ட்டே இல்லாதவர்கள்

தையல் வேலை செய்கிறவர், சின்னக் கடை வைத்திருப்பவர், விவசாயம் பார்க்கிறவர். வருமானம் இருக்கும், அது கையில் பணமாக வந்து கையிலேயே செலவாகும். வங்கியில் பதிவாவது சொற்பம். இவர்களிடம் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்டால் வெறும் தாள்தான் வரும். பிள்ளையைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களில் இப்படிப்பட்டவர்கள் எவ்வளவோ பேர். பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறான், வீடு இருக்கிறது, டிக்கெட்டும் அவனே போடுகிறான். அம்மா அப்பாவின் கணக்கில் பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே என்ன வேலை?

இந்த இடத்தில் சில நாடுகள் மற்றவற்றைவிட நியாயமாக நடந்துகொள்கின்றன என்பது என் கருத்து. ஜெர்மனியில், அழைக்கிறவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், வருமானத்தைக் காட்டி, வருகிறவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியும். அது வெறும் கடிதம் அல்ல. விருந்தாளிக்காக அரசு ஏதாவது செலவு செய்ய நேர்ந்தால் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. ஜப்பானில் உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு அங்கே இருப்பவர் உத்தரவாதக் கடிதம் கொடுத்து, தன் வருமானச் சான்றை இணைக்கலாம். கனடாவில் பெற்றோரை அழைப்பதற்கென்று இருக்கிற சூப்பர் விசாவில், அழைக்கிற பிள்ளையின் வருமானம் குடும்ப அளவுக்கு ஏற்ற குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்; கூடவே குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பெற்றோர் ஒரே தடவையில் ஐந்து வருடம்வரை தங்கலாம். ஆஸ்திரேலியாவின் குடும்ப ஸ்பான்சர் விசாவில், அழைப்பவரிடம் பிணைத் தொகை கேட்கலாம். வந்தவர் நிபந்தனையை மீறாமல் திரும்பிப் போனால் அது திரும்பக் கிடைக்கும். பணம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கணக்குக் கேட்கிற முறை இது. இதில் ஏழைத் தாயின் கணக்கில் கடன் வாங்கிப் பணம் போட்டு வைக்க வேண்டிய தேவையே எழாது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. செலவை யார் ஏற்பார் என்பது ஒரு கேள்வி, போனவர் திரும்புவாரா என்பது வேறு கேள்வி. ஷெங்கன் மறுப்புப் படிவத்திலேயே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. பிள்ளையின் உத்தரவாதம் முதல் கட்டத்துக்குப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வீடு, நிலம், கடை, இங்கே இருக்கிற மற்ற பிள்ளைகள் என்று பெற்றோரின் வாழ்க்கைதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, திரும்புவாரா என்ற சந்தேகத்துக்கும் பேலன்ஸை ஏற்றிப் பதில் சொல்லப் பார்ப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கிறது.

அந்தப் பக்கத்திலும் ஒன்று மாற வேண்டும். ஒரு வரவுக்கு விளக்கம் இல்லை என்றால், மறுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடலாம். "இந்தத் தேதியில் வந்த தொகை யாருடையது?" என்று ஒரே ஒரு மின்னஞ்சல். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்ப வராது. கேட்பதற்கு விதியிலும் தடை இல்லை. பண வசதியைப் பார்க்கச் சொல்கிற அதே 21-ஆம் பிரிவு, தேவைப்பட்டால் விண்ணப்பதாரரை நேரில் கூப்பிட்டுப் பேசவும் கூடுதல் ஆவணம் கேட்கவும் அனுமதிக்கிறது. வழக்கமாக 15 நாளில் எடுக்க வேண்டிய முடிவை 45 நாள்வரை தள்ளிவைக்கவும் அடுத்த பிரிவுகளில் இடம் இருக்கிறது. சித்தி போன்ற ஒருவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது.